அக்கா தட்டிய வேகம்

மூன்று வருஷம் இருக்கும். துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில் நட ஆரம்பித்திருந்த நேரம். கல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டிபன் கடை. இட்லி, தோசை, வடை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் எட்டாவதோடு நின்றவன். தமிழ் எழுத அம்மா சொல்லிக் கொடுத்தாள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கை கால் சொன்னபடி கேட்காது. பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். மூளை என்னைவிட நன்றாக வேலை செய்யும். அவள் பேசுவது ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாக.

அவள் படித்த ஸ்பெஷல் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் சேவை செய்ய வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் கம்ப்யூட்டரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்காகவே ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தார். இப்போது கடையில் விற்கிற கம்ப்யூட்டர் மாதிரி இல்லை அது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் இருக்கும். திரைக்கு ஒரு பழைய டிவிப் பெட்டி. அதன் பிளாப்பி டிஸ்க் வேறு எதிலும் ஓடாது. வேறு எதனுடையதும் இதில் ஓடாது. இனமே தனி.

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வெள்ளைக் கட்டம் மேலிருந்து கீழே வரிசை வரிசையாக இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு டிக். கடைசி வரிசை வந்ததும் கொஞ்சம் நிற்கும். திரும்ப மேலே போகும். வேண்டிய வரிசையில் கட்டம் இருக்கும்போது அக்கா இடது முஷ்டிக்குக் கீழே உள்ள சிவப்புப் பட்டனை அமுக்குவாள். அப்புறம் கட்டம் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அமுக்கினால் எழுத்து விழும். எழுதுவது தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். ஒரு வரி முடிவதற்குள் எனக்கு ஒரு ஈடு வடை வெந்துவிடும்.

அதனால் அக்கா சுருக்கமாகப் பேசுவாள். நானும் பேச்சில் கஞ்சன். சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

மிஷினுக்கு வயசாகிவிட்டது. சில நாள் பிளாப்பி படிக்காது. படம் ஆடும். எழுத்தும் தப்புத் தப்பாக விழ ஆரம்பித்திருந்தது. ரிப்பேர் கடையில் காட்டினேன். "இதை மியூசியத்துக்குக் கொடுங்க தாதா" என்று சிரித்தார்கள். தாதா என்றால் இங்கே அண்ணன். சொந்தக்காரர்கள் டேப்லெட் வாங்கி வந்தார்கள். அக்கா கை அதில் எங்கே படும் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றைத் தொடப் போனால் நாலு திறக்கும். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு பழைய மிஷினில் "இது என் பேச்சைக் கேக்கலை" என்று அடித்தாள். டேப்லெட் அலமாரிக்குள் போனது.

அப்படி ஒரு காலையில் மிஷினைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். போட்டதும் அது இரண்டு சத்தம் கொடுக்கும். முதலில் தடிமனாக ஒன்று, பிறகு மெல்லிசாக ஒன்று. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாயில் வைத்த இட்லியோடு அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன சத்தம் அது?"

"உள்ளே கம்ப்யூட்டர்."

சாம்பார்க் கையோடு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கரண்டியோடு பின்னால் ஓடினேன். மிஷின் முன்னால் சாமி பார்க்கிற மாதிரி நின்றார். "எ கீ! எ கீ! என்ன இது! கல்கத்தாவில் இது ஓடுகிறதா?"

அவருக்கு பெஹாலாவில் வீடு. ரிட்டயர் ஆனவர். இந்த மாதிரிப் பழைய மிஷின்கள் வைத்துக்கொண்டு, அதையே நினைத்துக்கொண்டு வாழ்கிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரையும் கூட்டி வந்தார். ஹவுராவில் இருக்கிற ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும். பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரம் வீட்டு மாடியில் சால்டரிங். இங்கே அக்காவைத் தீதி என்பார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். சந்தேஷ் இனிப்பு டப்பா ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். டப்பாவை என்னிடம் நீட்டிவிட்டு நேராக மிஷினிடம் போனார்கள்.

மூடியைக் கழற்றினார்கள். டார்ச் அடித்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு நகை பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

"இந்தச் சிப் ஒரிஜினல், பாரு."

"தொடாதீங்க தாதா, உங்க கையில ஸ்டாடிக்."

"எனக்குச் சொல்லித் தர்றியா? நீ பிறக்கும்போதே நான் இதை வெச்சிருந்தேன்."

"அதான் உங்களோடது ஓடலை."

பெஹாலா தாதா எனக்கு விளக்கினார். இதைச் செய்த கம்பெனி எப்போதோ கைவிட்டுவிட்டதாம். உலகத்தில் அங்கங்கே கொஞ்சம் பேர் வைத்திருக்கிறார்களாம். அவர்களே பார்ட்ஸ் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்களாம். புது மெமரி, பிளாப்பிக்குப் பதில் சின்ன கார்டு, எல்லாம் உண்டாம். "காசு வேண்டாம். இதைச் சாக விடமாட்டோம்" என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா அடித்தாள். "மிஷினுக்கு டாக்டர் வந்தாச்சு. எனக்கு ஒரு நமஸ்காரம் இல்லை."

நான் படித்துவிட்டுக் கடைக்குப் போனேன். உதவிக்கு வந்தவர்களிடம் என்ன சொல்வது.

மிஷினைப் பெஹாலாவுக்கு எடுத்துப் போனார்கள். பூஜை வந்தது, போனது. வீட்டில் டிக் சத்தம் இல்லை. அக்கா கண்ணை மூடினால் ஆமாம், பக்கத்தில் திரும்பினால் இல்லை. அவ்வளவுதான் பேச்சு. தினமும் வாசலைப் பார்ப்பாள்.

தீபாவளியோடு வருகிற காளி பூஜை முடிந்து கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு புதுச் சர்க்யூட் பலகை வைத்திருந்தார்கள். வெளிநாட்டு நண்பர் ஒருவர் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து ஹவுரா தீதி தன் கையால் செய்தது. முன்பு ஸ்விட்ச் போட்டால் நான் டீ ஆற்றி வருகிற வரைக்கும் பிளாப்பி கறகற என்று ஓடும். இப்போது போட்டதும் எழுத்துகள் வந்து நின்றன. படம் ஆடவில்லை. இரண்டு பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"பழசைவிடப் பல மடங்கு வேகம்" என்றார் பெஹாலா தாதா. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அக்கா முஷ்டியை வைத்தாள். கட்டம் மழை மாதிரி இறங்கியது. டிக் டிக் என்று தனித் தனியாகக் கேட்கவில்லை. மாவு மிஷின் மாதிரி ஒரே சத்தம். அவள் அமுக்கினாள். வேறெங்கோ நின்றது. மறுபடி அமுக்கினாள். திரையில் என்னென்னவோ எழுத்து.

"ரொம்ப நாள் விட்டுப் போச்சில்ல. பழகிடும்" என்றார் ஹவுரா தீதி.

பழகவில்லை. அக்கா தினமும் முயற்சி செய்தாள். நெற்றியில் வேர்க்கும். கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு வார்த்தை வராது. ஒரு வாரம் கழித்து முஷ்டியைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டாள்.

வயசு ஏற ஏற அவளுக்குக் கை இன்னும் இறுகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது வந்துவிட்டது என்று நினைத்தேன். மிஷின் பிழைத்தது, கை போய்விட்டது. இனிமேல் அக்கா பேசமாட்டாள். வடை மாவு அரைத்தபடியே அதை நினைப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன.

மிஷின் மேல் ஒரு துணியைப் போட்டேன். அக்கா அந்தத் துணியையே பார்த்தாள். அதுவும் எனக்குத் தாங்கவில்லை. பெஹாலா தாதாவுக்குப் போன் செய்தேன். "நீங்களே வெச்சுக்குங்க. உங்ககிட்டயாவது ஓடட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். தாதா டிவிப் பெட்டியைத் துணியில் சுற்றினார். ஹவுரா தீதி கீழே உட்கார்ந்து ஒயர்களைக் கழற்றினார். அப்போது அக்கா தட்ட ஆரம்பித்தாள்.

பட்டனில்தான். ஒயர் கழன்று கிடந்தது. ஆனாலும் பட்டன் நாற்காலிக் கையிலேயே இருந்தது. டொக். டொக். டொக்.

"கோபம் வந்துடுச்சு" என்றார் தாதா மெல்ல. "எடுத்துட்டுப் போகப் பிடிக்கலை."

டொக். டொக். டொக். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டொக்.

அவர்கள் கொண்டு வந்த சந்தேஷுக்குத் தட்டு எடுக்க நான் கடை அடுப்படிக்குப் போயிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் நான் அந்தச் சத்தத்தை அப்படித்தான் கேட்டிருக்கிறேன், சுவர் வழியாக, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று. அதே டிக். கடைசி வரிசையில் அதே நிறுத்தம்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன். "நிறுத்துங்க. கழட்டாதீங்க. அது கோபம் இல்லை. பழைய மிஷின் ஓடினது இப்படித்தான்."

அக்கா கண்ணை மூடினாள். ஆமாம்.

ஹவுரா தீதி கையில் ஒயரோடு அப்படியே இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு தாதாவிடம் சொன்னார், "புரோகிராமில் கடிகாரம் இல்லை தாதா. அது சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடிந்ததும் கட்டத்தை நகர்த்தும். நாம் மிஷினை வேகமாக்கினோம். எண்ணுவதும் வேகமாகிவிட்டது."

தாதா தலையில் கை வைத்தார். "எல்லாரும் வேகம் வேணும்பாங்க. யாராவது குறைக்கச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."

தீதி முட்டி போட்டபடியே அக்கா நாற்காலிக்கு நேராகத் திரும்பினார். இத்தனை தடவை வந்ததில் அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மாஃப் கொருன், தீதி. பழைய வேகமே வைத்துத் தருகிறேன். இன்னொரு தடவை தட்டுங்க, அளந்துகொள்கிறேன்." மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரம் அளக்கப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அக்கா தட்டினாள். இந்த முறை இன்னும் மெதுவாக. கை சோர்ந்துவிட்டது என்று நினைத்தேன். "முன்னாடி தட்டினதுதான் பழைய வேகம்" என்றேன்.

தீதி என் பக்கம் திரும்பவில்லை. அக்காவிடமே கேட்டார். "பழசு வேண்டாமா? இதுதான் வேணுமா?"

பதில் வருகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணை மூடினாள். நன்றாக அழுத்தி மூடினாள்.

அப்போதுதான் புரிந்தது. பழைய வேகமும் அவளுக்கு அதிகமாகிவிட்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ. எழுத்து தப்பாக விழுந்ததெல்லாம் மிஷின் கிழடானதால் என்று நான் நினைத்திருந்தேன். அக்காவும் சொல்லவில்லை. சொல்வதற்கே அந்தக் கட்டத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அதோடு, மிஷின் வேகத்தைக் குறைக்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னது?

அடுத்த ஞாயிறு மிஷின் பக்கவாட்டில் ஒரு குமிழ் வந்தது. பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியது. இந்தப் பக்கம் திருப்பினால் வேகம், அந்தப் பக்கம் திருப்பினால் மெது. ஹவுரா தீதி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் அக்கா கண்ணைப் பார்த்தார். ஓரிடத்தில் அக்கா கண்ணை மூடினாள். அங்கே நிறுத்தினார்.

டிக். டிக். டிக்.

தாதா முணுமுணுத்தார். "உலகத்தில் எல்லாரும் இந்த மிஷினை வேகமாக்கப் போராடுகிறார்கள். மெதுவாக்கினது நாம மட்டும்தான். எப்படி எழுதுவேன் அவங்களுக்கு?" பிறகு எழுதினாராம். இப்போது எங்கிருந்தெல்லாமோ அந்தக் குமிழுக்கு வரைபடம் கேட்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மறுபடி நெஞ்சு நிமிரும்.

அன்று நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். கடையில் ஆள் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. ஒரு எழுத்தும் தப்பில்லை. அவர்களே படிக்கிற மாதிரிதான் அடித்திருந்தாள்.

"நமஸ்கார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தாதா மெல்லக் கை கூப்பினார். "நமஸ்கார், தீதி" என்றார். ஹவுரா தீதி சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா நிறுத்தவில்லை. கட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்தது எனக்கு.

"டேய். சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி. பூஜையிலேர்ந்து."

ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறாள் என்று நின்றிருந்தேன். "சரி" என்றேன். கடைக்குப் போய்ச் சாம்பாரை ருசி பார்த்தேன். ஜாஸ்திதான். அத்தனை வாடிக்கைக்காரர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போதும் வடை போடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மெதுவான டிக் கேட்கிறது. அது நிற்கிற வரைக்கும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஒருத்தர் பேச எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தோன்றாததை, ஒயர் கழன்ற ஒரு பட்டனைத் தட்டி அக்காவேதான் சொல்ல வேண்டியிருந்தது.