தேநீர்த் தட்டைத் தூக்கியவள்

மண்சரிவில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்த பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எனக்கு மரியாதை கூடியது. ஆசிரியையாக நான் நடந்து போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் பிஸ்கட் பெட்டியோடு வந்து அழுதார்கள். குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தத் திமிர் ஒடிந்துவிட்ட திருப்தி அவர்கள் கண்ணீரிலேயே மினுங்கியது. பிஸ்கட்டை நாய்க்குப் போட்டேன்.

செயற்கைக்கால் பொருத்திய பின்னும் நான் வேலைக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் மலைக்கு மேலே, தோட்டத்தின் மேல் டிவிசனில். தேயிலைக்குள் ஏறும் குறுக்குப்பாதை என்னால் முடியாது. சுற்றிப்போகும் ரோட்டில் பஸ் கிடையாது. வீட்டில் கிடந்தேன். அதற்குள் அத்தை கொஸ்லந்தவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டாள். கால் விஷயத்தை அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

"அவங்க பாக்க வர்றப்ப நீ தேத்தண்ணித் தட்டத் தூக்குனா நடை காட்டிக் குடுத்துரும். தங்கச்சி தூக்கட்டும். நீ சேலைய விரிச்சுக்கிட்டு மூலையில உக்காரு" என்றாள்.

தேநீர் கொண்டுவருபவள்தான் பெண் என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஊருக்கே கல்யாணம் பேசும் அத்தைக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

தங்கை தேநீர் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்க" என்றாள். அத்தை திருத்தாமல் தலையாட்டினாள். யாரோ ஒருத்தி போனால் சரி என்று அவள் முகம் கணக்குப் போடுவது தெரிந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுந்தேன். சேலையைத் தூக்கிப் பிடித்தேன்.

"நீங்க பாக்க வந்த பொண்ணு நான். இதுதான் என் காலு. அவ படிக்கப் போறா. நீங்க போகலாம்."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி ஓடினார்கள். அவர்களைக் கூட்டிவந்த வேன் சாரதி மட்டும் வாசலில் கோப்பையோடு நின்று சிரித்தார். அவசரத்தில் கோப்பையோடேயே போய்விட்டார்.

அந்த வாரமே அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"டீச்சர், இப்ப புதுசா காலையில மேல் டிவிசனுக்குப் பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறேன். முன் சீட்டு சும்மாதான் இருக்கு."

"பாவம் பாக்குறீங்களா?"

"பாவமா? உங்களப் பாத்தா பயமால்ல இருக்கு!"

மறுவாரம் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். என்னை முடித்துவிட்டதாக நினைத்த மலை கீழே கிடந்தது. முன் சீட்டில் போகப் போக, அந்த மனிதரின் பேச்சில்லாமல் என் காலை விடியாது என்று ஆனது. அதை முதலில் சொன்னது நான்தான். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இத எப்பிடிக் கேக்குறதுனு பயந்துக்கிட்டே ஓட்டுறேன்" என்றார்.

இப்போது அத்தை, "எல்லாம் நான் பாத்து வச்ச சம்பந்தம்" என்று லயம் லயமாகச் சொல்லித் திரிகிறாள்.

அவர் வீட்டார் பெண் கேட்டு வந்த அன்று நான் காலை நீட்டி நடுவில் உட்கார்ந்தேன். தட்டை அத்தையிடமே கொடுத்தேன். முறைத்துக்கொண்டே தூக்கிவந்தாள். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர், பொண்ணு இவங்களா?"