முப்பது நொடி அசையாதே

இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் தங்கை செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்கிறது. சரக்... சரக்... அந்தச் சத்தம் மட்டும் இல்லையென்றால், எல்லாம் மனப்பிரமை என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்கள் என் நினைவிலிருந்து எடுத்தவை அல்ல. கேமராவில் பதிந்தவை.

நானும் அவளும் ஒரு தீவுக்கு நான்கு நாள் பயணமாகப் போயிருந்தோம். எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம். அவளுக்கு ஓவியம் என்றால் உயிர். கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "கண்ணாடி இல்லாட்டி அவளுக்கு எதிர்ல நிக்கிற யானைகூடத் தெரியாது. பத்திரமா கூட்டிட்டு வா." ஏழு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. நான் 'சோடாபுட்டி' என்பேன். அவள் என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மௌனம். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் மாலை, துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய சரக்குக் கிடங்குக்குப் போனோம். உள்ளே நீளச் சுவர் முழுக்கத் தீவின் ஓவியர்கள் வரைந்த பெண்கள். ஆள் உயரம். கப்பலுக்குக் காத்திருப்பதுபோல வரிசையாக நின்றார்கள். தங்கை எண்ணினாள். பதினேழு பேர்.

காவலாளி வாசலிலேயே சொல்லிவிட்டார். "செருப்பைக் கழட்டிடுங்க. ஃப்ளாஷ் போடாதீங்க, சாயம் வெளுத்துடும். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். எத்தனை பேரு? ரெண்டா? சரி."

உள்ளே ஒரே ஒரு ஜன்னல். வெளிச்சம் போதவில்லை. கேமராவை ட்ரைபாடில் பொருத்தி, ஷட்டரை முப்பது நொடி திறந்துவைக்க வேண்டியிருந்தது. அப்படி எடுக்கும்போது, முப்பது நொடியும் அசையாமல் நிற்பவர்தான் படத்தில் முழுதாக விழுவார். பாதியில் விலகிப்போனவர், பின்னால் உள்ள சுவர் தெரிய, புகைபோல விழுவார்.

ஓவியத்தின் உயரம் தெரிய ஒரு ஆள் வேண்டும். வரிசையின் கடைசிப் பெண்ணுக்கு முன்னால் தங்கையை நிறுத்தினேன்.

"அசையாதே."

மணி 4:12. டக். முப்பது வரை எண்ணினேன். டக்.

திரையில் அவள் புகைபோல இருந்தாள்.

"ஏன் நகர்ந்த?"

"நகரவே இல்லண்ணா."

"பொய் சொல்லாத, சோடாபுட்டி."

குட்டுவதற்கு அவள் வரவில்லை. சுவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

4:19. இரண்டாவது படம். அவள் இன்னும் மங்கியிருந்தாள். கண்ணாடி மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாக. அவளுக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர்... கடைசிப் பெண் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் பதினேழு பேரும் இருந்தார்கள்.

"அண்ணா... போயிடலாம். யாரோ கையைப் பிடிக்கிற மாதிரி இருக்கு. ஈரமா இருக்கு."

அப்போதே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். என் புத்தி படத்தில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. அசையாம நில்லு."

நின்றாள். என் பேச்சைக் கேட்டு நின்றாள்.

4:26. டக்.

பத்து... பதினொன்று...

ஜன்னல் இருண்டது. மேகம் என்று நினைத்தேன்.

தரையில் வெறுங்கால் சத்தம். பச்... பச்...

நான் நகரவில்லை.

இருபத்தொன்பது...

டக்.

மூன்றாவது படத்தில் அவள் முழுதாக விழுந்திருந்தாள். புருவத்து முடிகூடத் தெரிந்தது.

"இதுதான்!" என்றேன். அவள் சிரித்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. பையில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். எதிலும் இடிக்காமல் நேராக வாசலுக்கு நடந்தாள். செருப்பை இடது வலது மாற்றிப் போட்டாள்.

காவலாளி அவளைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு பேரு வந்தீங்க. ரெண்டு பேரு போறீங்க. சரியாப் போச்சு."

படகில் கேட்டேன். "சோடாபுட்டி, கண்ணாடி எங்க?"

அந்த வார்த்தையை முதல்முறை கேட்பவள்போலப் பார்த்தாள். குட்டு விழவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஊசியில நூல் கோக்கிறாடா! அந்தத் தீவுக் காத்து நமக்கும் ஒரு பாட்டில் பிடிச்சிட்டு வந்திருக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை. கண் டாக்டர் விளக்கை அணைத்தார்.

"இவங்களுக்குக் கண்ணுல எந்தக் குறையும் இல்ல. இருந்ததும் இல்ல."

"பதினெட்டு வருஷமா கண்ணாடி போட்டிருந்தா, சார்."

அவர் சிரித்தார். "மூக்குல ஒரு தடம்கூட இல்லையே?"

அன்றிரவு மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், சுவரில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் முதல் படகில் தனியாகப் போனேன்.

அதே சுவர். பதினேழு பேர். கடைசிப் பெண்ணின் முகத்தில் தடித்த கண்ணாடி. வாய் லேசாகத் திறந்து, யாரையோ கூப்பிடப்போவதுபோல...

"போதும்," என்றேன். "நகரலாம்."

மூன்று முறை சொன்னேன்.

பிறகு தொட்டுப் பார்த்தேன். கை, தோள், நெற்றி... எல்லாம் காய்ந்த சாயம்.

கண்ணாடிக்குக் கீழே மட்டும் ஈரமாக இருந்தது.