வெள்ளிக்கிழமை மத்தியான அழைப்புகள்

எம்.ஏ. முடித்துவிட்டு, போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் வராமல், மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் நான் ஒரு டெலிபோன் பூத் நடத்திக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் மஞ்சள் போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம். தச்சு வேலை செய்யும் அப்பாதான் கண்ணாடிக் கூண்டுக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். பூத்தைத் திறந்த முதல் நாள் சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் தம்பி ஓர் ஏஜென்ட்டைப் பிடித்து வளைகுடாவுக்குப் போயிருந்தான்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வீட்டு போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். ஆகவே அவர் எங்கள் பூத்துக்கு வருவார். அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நடவு நட்டு, கதிர் அறுத்துப் படிக்கவைத்த பிள்ளை. வக்கீல் படிப்பு படித்தும் கோர்ட்டுக்குப் போகாமல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து அப்படியே அரசியலுக்கு வந்தவர். உட்காரவே மாட்டார். சென்னைக்கு லைன் கிடைக்கும்வரை கூண்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார்.

"உட்காருங்க ஐயா."

"இருக்கட்டும்மா. உட்கார்ந்தா எனக்கு ஏதோ நடக்கிறது தெரியாமப் போயிடுமோன்னு இருக்கும்."

மாதம் ஒருமுறை அவர் 'தொகுதிச் செய்தி' என்று ஒரே தாளில் அச்சடித்து விடுவார். ஒரு பக்கம் உள்ளூர்ச் சேதி: எந்த வாய்க்கால் தூர்வாரப்படும், எந்தப் பாலம் ஏன் நிற்கிறது, சட்டசபையில் அவர் கேட்ட கேள்விக்கு மந்திரி என்ன சொன்னார். மறுபக்கம் டெல்லிச் சேதி: உரமானியம் ஏன் குறைகிறது, வெளிநாட்டு விதைக் கம்பெனி வந்தால் நமக்கு என்ன ஆகும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஃபேக்ஸ் அனுப்ப வந்த ஒரு நாள் நானே படித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. எனக்கும் அது தேவைப்பட்டது. மீட்டர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது.

அந்தத் தாளில் வடை மடித்துக் கொடுக்கும் எதிர்க் கடைக்காரர் ஒரு நாள் அவரிடமே கேட்டார்: "டெல்லி சமாசாரமெல்லாம் நமக்கு எதுக்குங்க? ஆத்துல எப்ப தண்ணி வரும்னு போடுங்க, போதும்."

"தெரிஞ்சா போட மாட்டேனா? தெரியலன்னா தெரியலன்னுதான் போடுவேன்."

அப்படியே போட்டார். 'இந்த ஆண்டு ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை கேட்டேன். உறுதியான பதில் இல்லை. நாற்று விடுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.' கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். எம்.எல்.ஏ.வே தெரியாது என்று அச்சடித்துக் கொடுத்தால் ஓட்டு எங்கிருந்து வரும் என்று மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து கத்திவிட்டுப் போனார். அந்தக் குறுவையில் தண்ணீர் வரவில்லை. அறுப்புக் காலத்தில் களத்தில் நிற்க வேண்டிய பையன்கள் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். விமானம் ஏறப் பெரும்பாலும் திருச்சி பஸ், சிலர் சென்னை பஸ்.

போனவர்கள் வெள்ளிக்கிழமைகளில் பேசுவார்கள். வளைகுடாவில் அன்றுதான் விடுமுறை. பூத் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு மணிக்கும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் எடுத்துப் பெயர் சொன்னதும் ஒருத்தி ஓடிவர, மற்றவர்கள் மறுபடி உட்காருவார்கள். என் தம்பியும் ஆரம்பத்தில் வாரம் தவறாமல் பேசினான். பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. கடைசியாகப் பேசியபோது, ஏஜென்ட் சொன்ன கம்பெனி வேலை இல்லை என்றும், பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டதால் அங்கிருந்து நகரத்துக்கு ஓடி வந்துவிட்டதாகவும் சொன்னான். பாஸ்போர்ட் முதலாளியிடமே கிடந்தது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு ஒளிந்து திரிந்தான். அப்படித் திரிகிறவர்களைக் கல்லிவல்லி என்பார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தான். அம்மாவிடம் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை எம்.எல்.ஏ. பேப்பரை மடித்துக்கொண்டு வேகமாக வந்தார். உள்பக்க மூலையில் நாலு வரி. தம்பி இருந்த அந்த நாட்டில், காகிதம் இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்திருந்தார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் வெளியேறினால் ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை.

"இது நெசமாம்மா? விசாரிக்காமப் போட்டுடக் கூடாது. டெல்லிக்குப் போடு."

டெல்லியில் அவருக்குத் தெரிந்த ஒரு எம்.பி. வீட்டுக்குப் போட்டோம். அவர்கள் வேறொரு நம்பர் கொடுத்தார்கள், அந்த நம்பரில் இன்னொன்று. நடுவில் கரண்ட் போனது. அவர் சாலை வரை நடந்து போய்த் திரும்புவதும் போவதுமாக இருந்தார். கரண்ட் வந்த பிறகு ஃபேக்ஸ் வந்தது. செய்தி உண்மைதான். தூதரகத்தில் எப்படிப் பதிவு செய்வது, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருந்தது. தமிழில் எழுதி முடிப்பதற்குள் இரண்டு தாளைக் கிழித்தேன்.

மாதம் முடியக் காத்திராமல் அந்த வாரமே அச்சடித்தார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அவரே தெருத் தெருவாகப் படித்தார். "உங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது காகிதம் இல்லாம அங்க இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க. தனியா வந்து சொல்லுங்க. யாருக்கும் தெரியாது."

ஒருவர்கூட வரவில்லை. பிள்ளை துபாயில் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் பாதி வீட்டில் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடி ஒளிந்து திரிகிறான் என்று எப்படி வந்து சொல்வார்கள்? அதற்குமேல் கடைத்தெரு ஏஜென்ட் ஒரு கதை கட்டிவிட்டார். தூதரகத்துக்குப் போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களாம், எம்.எல்.ஏ. ஏதோ பணம் பார்க்கிறாராம். ஒரு நாள் அந்த ஏஜென்ட்டே பூத்துக்கு வந்து தாளை என் மேசைமேல் போட்டார்.

"படிச்ச பொண்ணு நீ. ஏம்மா இந்த வேலையெல்லாம்? ஊர்ல நாலு வீட்ல அடுப்பு எரியறது புடிக்கலையா?"

என் தம்பியை அனுப்பியவரும் அவர்தான். தாளை எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தேன். அப்பா வாசலில் உளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏஜென்ட் அவரைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் எம்.எல்.ஏ. வந்தபோது நடந்ததைச் சொன்னேன். தம்பி விஷயத்தையும் அன்றுதான் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாளா எழுதிக்கிட்டிருக்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா."

"எல்லாரும் சொல்லாத மாதிரிதாங்க ஐயா நானும்."

மறுபடி நடக்கத் தொடங்கியதும் அவருக்கு ஒன்று தோன்றியது. "நாம தப்பான ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டிருக்கோம். சேதி வேண்டியது இங்க இருக்கவங்களுக்கு இல்ல, அங்க இருக்கவங்களுக்கு. அவங்களும் நம்ம தொகுதி ஓட்டுதானே? வெள்ளிக்கிழமை அவங்களே உனக்கு போன் பண்றாங்க."

அந்த வெள்ளிக்கிழமை முதல், ஒவ்வொருத்தியும் பேசி முடிக்கும்போது நான் ரிசீவரைக் கேட்டு வாங்கினேன். யாரிடமும் உங்களுக்குக் காகிதம் உண்டா என்று கேட்கவில்லை. "அண்ணே, எம்.எல்.ஏ. சொல்லச் சொன்ன சேதி. உங்களுக்கு இல்லன்னா கூட இருக்கவங்களுக்குச் சொல்லுங்க" என்று ஆரம்பித்து விறுவிறுவென்று படிப்பேன். "போன் கார்டு தீருதும்மா, சீக்கிரம்" என்பார்கள் சிலர். சிலர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தத் தேதிய இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளின் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

தம்பியிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வேறு யாரோ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பூட்டிய பூத்துக்குள் மணி அடிப்பதுபோலவே இருக்கும். பாட்டு நடுவில் எழுந்து வந்துவிடுவேன்.

கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது, எதிர்பாராமல் ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி பேசினான். எம்.எல்.ஏ. அப்போது அங்கேதான் நின்றிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும்க்கா. ரூம்ல எல்லாரும் இதத்தான் பேசறாங்க" என்றான்.

"அப்ப கெளம்பி வாடா."

"வந்து? நீ எம்.ஏ. படிச்சிட்டு போன் எடுத்துக்கிட்டிருக்க. நான் வந்து என்ன பண்ணட்டும், சொல்லு."

எம்.எல்.ஏ. கை நீட்டி ரிசீவரை வாங்கினார். வா என்று அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிப் பேசவில்லை.

"தம்பி, உன்ன வரச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லப்பா. இங்க வேலை இல்ல, நெசம்தான். போன வருஷம் தண்ணியும் இல்ல. ஆனா அந்தத் தேதிக்கப்புறம் புடிச்சாங்கன்னா ஜெயில். அதையும் நான்தான் சொல்லணும். தெரிஞ்சுக்க. அப்புறம் உன் இஷ்டம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்டேன். "சரிங்கன்னான்" என்றார். எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவர், இருவர். மெலிந்து, கறுத்து, கையில் ஒரு பையோடு இறங்குவார்கள். பெஞ்சில் எப்போதும் ஓரமாக உட்காரும் ஒருத்தியின் கணவர் இறங்கியபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு பூத்துக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்தான் பேசினார்: "கொரலக் கேட்டிருக்கேன். ஆளு சின்னப் பொண்ணா இருக்கீங்க." நான் சிரித்தேன். ஆனால் கண் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கெடு முடிந்தது. தம்பி வரவில்லை.

அடுத்து வந்த தேர்தலில் எம்.எல்.ஏ. தோற்றார். தண்ணீர் வராததும் ஏஜென்ட் கிளப்பிய பேச்சும் சேர்ந்து வேலை செய்தன. முடிவு தெரிந்த மறுநாள் காலையிலேயே பூத்துக்கு வந்து, "ஒரு தாள் எழுதணும்" என்றார். புது எம்.எல்.ஏ. யார், எந்த ஊர், எந்த நம்பரில் கிடைப்பார், எந்தெந்த மனு பாதியில் நிற்கிறது, எல்லாம் சொல்லச் சொல்ல எழுதினேன். தோற்றவன் எதற்கு நோட்டீஸ் போடுகிறான் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

தம்பியை அதற்குப் பின் ஒரு சோதனையில் பிடித்தார்கள். பல மாதம் உள்ளே வைத்திருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். பிளாஸ்டிக் பையில் ஒரு சட்டையோடு வந்து இறங்கினான். அம்மா அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். விஷயம் தெரிந்து பழைய எம்.எல்.ஏ. எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கே சொன்னீங்க" என்றான்.

"அது கெடக்கட்டும். உள்ள நம்ம பக்கத்து ஆளுங்க வேற யாரு இருக்கா?"

தம்பி மூன்று பேரைச் சொன்னான். அவர்களின் வீட்டுக்கு எதுவுமே தெரியாது என்றான். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "வா, போய்ச் சொல்லிட்டு வருவோம். அப்புறம் புது எம்.எல்.ஏ.வையும் பாக்கணும்."

வந்து இரண்டு நாள்கூட ஆகாத பிள்ளை. எழுந்து போனான். நானும் கூடப் போனேன். முதல் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நெல் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள், தம்பி சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்காமல் துழாவிக்கொண்டே கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்பிடறானா?"

"சாப்பிடறான்மா" என்றான் தம்பி. "நான் பாத்தேன்."