பத்து காசு மிச்சம் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் நம்ம ஆட்கள் கூடுகிற தேக்காவில், ஒன்றுக்குப் போகிற இடத்து வாசலில் ஒரு சீனக் கிழவி மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகப் பத்து காசு. இங்கே டாலரை வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். கொடுத்தால் கை துடைக்க ஒரு டிஷ்யூவும் தருவாள். வந்த புதிதில் நான், "நோ டிஷ்யூ, ஃபைவ் சென்ட்" என்று பேரம் பேசினேன். என்ன புரிந்ததோ, ஐந்து டிஷ்யூவை எடுத்து நீட்டி ஐம்பது காசு கேட்டாள். அன்றோடு அந்த வாசலை மிதிப்பதில்லை. பத்து நிமிஷம் நடந்தால் ஒரு பெரிய கடைக் கட்டடம். அங்கே இலவசம், ஏசி வேறு.

நான் அஞ்சாங் கிளாஸ் தாண்டாதவன். ராயபுரத்தில் மூட்டை தூக்கி, வெல்டிங் கற்று, இங்கே கப்பல் பட்டறைக்கு வந்தவன். படித்தவன் சம்பளத்தைப் பார்ப்பான், நான் சில்லறையைப் பார்ப்பேன். பாட்டில் தண்ணீர் வாங்கியதில்லை. பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பேன். டீக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. முடி வெட்டிவிடுவது என் ரூம் கூட்டாளி, வண்ணாரப்பேட்டை காசிம். "இன்னா நைனா, மூச்சு வுட்றதையும் கொறச்சிக்கினா இன்னும் மிச்சமாவுமே" என்பான். சிரிக்கட்டும். நாலே வருஷத்தில் மாத்தூரில் அரை கிரவுண்டு மனைக்கு முன்பணம் கொடுத்தவன் நான். காசிமிடம் இருந்தது ஒரு செல்போன்.

மீதிப் பணம் கட்டும் நாள் நெருங்கியது. சனிக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து என் சம்சாரம் காசிம் செல்லுக்குப் போன் போட்டாள். "தோ பாருய்யா, திங்கக்கெழம காலீல துட்டு கைக்கு வரணும்ன்றான் மனைக்காரன். இல்லாங்காட்டி வேற ஆளுக்கு குட்த்துருவானாம். குட்த்த முன்பணமும் வராதாம்."

மறுநாள் தேக்காவில் பணம் அனுப்பும் கடை வாசலில் நின்றேன். வரிசை தெருமுனை தாண்டிப் போகிறது. மூன்று மணிக்கு ஷட்டர். இரண்டு மணி வாக்கில் எனக்கு அடக்க முடியவில்லை. கிழவி இருபது அடியில்தான் இருந்தாள். ஆனால் நான் யார்? எங்கள் தெருவில் தண்ணி லாரி வருவதற்கு முன்பே வரிசையில் குடங்கள் நிற்கும். பொம்பளைகள் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருப்பார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற கணக்கு. எவளாவது நகர்த்தினால் அன்றைக்கு மயிர்பிடிச் சண்டைதான். அந்த நியாயத்தில் வளர்ந்தவன், என் சாப்பாட்டுத் தூக்கை என் இடத்தில் வைத்தேன். வழியில் திறந்துகொள்ளாமல் இருக்க அதை நாலு சுற்று ஒயர் போட்டுக் கட்டியிருப்பேன். பின்னால் நின்ற பங்களாதேஷ்காரரிடம் ஜாடை காட்டினேன். அவரும் தலையாட்டினார். இலவசத்தை நோக்கி நடந்தேன்.

திரும்பி வந்தால் வரிசையைக் காணோம். அத்தனை பேரும் எதிர்ச்சாரியில் நிற்கிறார்கள். குறுக்கே நாடா கட்டியிருக்கிறது. தெரு நடுவில் என் தூக்கு மட்டும். கேட்பாரற்ற பையைப் பார்த்தால் போலீசுக்குச் சொல் என்று ரயிலுக்கு ரயில் ஒட்டியிருந்த காலம் அது. நான் எங்கே அதைப் படித்தேன்? எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எல்லோரும் போய்விட்டார்கள், இப்போது நான்தான் முதல் ஆள். நாடாவுக்கு அடியில் குனிந்து போய், தூக்குக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டேன்.

"அண்ணே! தொடாதீங்க! யாரோடது அது?" தமிழ் போலீஸ்காரர் ஒருவர் தூரத்திலிருந்து கத்தினார்.

"என்னுதுதான் சார்! நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

"உள்ள என்ன?"

"நெத்திலி கருவாடு!"

ஒயரை என்னையே பிரிக்கச் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் வாசனை தெருவுக்கே போனது. நம்பிக்கை வரட்டும் என்று இரண்டு வாய் சாப்பிட்டும் காட்டினேன். பெயரையும் பர்மிட் நம்பரையும் எழுதிக்கொண்டு, அரைமணி நேரம் திட்டிவிட்டு விட்டார்கள்.

அதற்குள் கடைக்காரர் பயந்துபோய் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார். "யோவ் கருவாடு, ஒரு நா லீவு போச்சேய்யா உன்னால!" என்று ஒரு பட்டுக்கோட்டைக்காரர் அடிக்கவே வந்தார். ஜூரோங்கில் இன்னொரு கடை நாலு மணி வரை உண்டு என்று யாரோ சொன்னார்கள். மணி மூன்றேகால். பஸ்ஸில் போனால் நடக்காது. என் வாழ்க்கையில் முதல்முறையாக டாக்சிக்குக் கை காட்டினேன்.

மீட்டர் குறையட்டும் என்று, "அங்கிள், நோ ஏசி" என்றேன். சீன டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யூ சிக் ஆ?" என்று கேட்டுத் தைல டப்பாவை நீட்டினார். மீட்டர் பதினாலு வெள்ளியில் நின்றது. எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கும்போது உள்ளே நுழைந்தேன். பணம் போய்ச் சேர்ந்தது. படித்தவனாக இருந்தால் தேக்காவிலேயே அழுதுகொண்டு நின்றிருப்பான்.

செவ்வாய்க்கிழமை சம்சாரம் போன் செய்தாள். "நம்ம எடத்த சுத்தி நடந்து பாத்தன்யா. செருப்ப கழட்டிட்டுத்தான் நடந்தேன். மண்ணு இன்னா சூடு தெரியுமா!" அவள் சொல்லச் சொல்ல, கட்டிலில் உட்கார்ந்து என் பூட்ஸைக் கழற்றினேன். இந்த ஊரை நடந்து நடந்தே அடிப்பாகம் ஓட்டையாகிவிட்டது. உள்ளே இருந்த சிங்கப்பூர் மண்ணைத் தரையில் தட்டிவிட்டு, "எந்தப் பக்கம் சூடு ஜாஸ்தி, கெழக்காலயா?" என்று கேட்டேன்.