கிருஷ்ணராஜ் தொட்டில் தெரிவு செய்த வரலாறு

வெள்ளைப்பாறைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலை கிருஷ்ணராஜுக்கு. மேல் சல்லடையில் தங்குவது ஒரு தரம், நடுச் சல்லடையில் தங்குவது ஒரு தரம், எதிலும் தங்காமல் கீழே கொட்டுவது தூள். உலகத்தில் உள்ள மற்ற சாமான்களையும் மனிதர்களையும் அவர் இதே முறையில்தான் அணுகினார்.

அதனால் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருந்த கீழ்ப்பிரிவு லயத்தில் ரைஸ் குக்கர் வாங்குகிறவரும் சரி, டிவி வாங்குகிறவரும் சரி, கிருஷ்ணராஜிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதுளைக்கு பஸ் ஏறுவதில்லை. அவர் தெரிவு செய்து கொடுத்த மின்விசிறி இத்தனை வருஷமாகியும் பழுதாகவில்லை என்பது அவருடைய புகழுக்கு ஆதாரம். இந்தக் குளிரில் அந்த விசிறியை யாருமே போடுவதில்லை, பிறகெப்படிப் பழுதாகும் என்று கேட்பவர்களும் லயத்தில் உண்டு. பொறாமைக்காரர்கள்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அவர் தொழிலை விடவில்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பெண் வீடு. தேநீர் வந்தது. கிருஷ்ணராஜ் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, "தூள். அதுலயும் ரெண்டாந்தரம்" என்று தீர்ப்பளித்தார். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "குடிக்கிறதுக்குத்தான் குடுத்தோம், விக்கிறதுக்கு இல்ல."

அந்தப் பெண் நிரஞ்சலா. ஆராயாமல் கிருஷ்ணராஜ் எடுத்த ஒரே முடிவு அவள்தான். அந்தத் தேயிலையை வாங்கி வந்தவர் அவளுடைய அண்ணன் ரஜீவ், பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரி. தங்கையைக் கட்டிக் கொடுத்தாரே தவிர, அந்த இரண்டாந்தரத்தை அவர் மறக்கவில்லை.

பல வருஷம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வழக்கப்படி ரஜீவ் வீட்டுக்குப் போனார்கள். வேனில் ஏறும்போது நிரஞ்சலா சொன்னாள்: "பிள்ளை படுக்க ஒரு இடம் பாத்து வைங்க. வச்சதும் சொல்லுங்க, பேர் வைக்கிறதுக்கு முன்னாடி வந்துர்றேன்."

அவள் கேட்டது ஓர் இடம். கிருஷ்ணராஜின் காதில் விழுந்தது ஓர் ஆராய்ச்சி.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, ஆளில்லாத வீட்டில் தானே சமைத்த சோற்றுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ பார்த்தார். வெளிநாட்டு அம்மணி ஒருத்தி குழந்தைக்கென்று தனி அறை கட்டி, சுவருக்கு இளம்பச்சை பூசி, நடுவில் கட்டில் போட்டிருந்தாள். கிருஷ்ணராஜின் வீடு முன்னறை ஒன்று, பின்னால் அடுப்படி ஒன்று. அவர் தளரவில்லை. அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டு, உள்ளே இருந்த சுவருக்கு மட்டும் இளம்பச்சை பூசி, "குழந்தை அறை" என்று அறிவித்தார்.

அறிவித்தது தனக்குத்தானே. ஆனால் லயம் முழுக்கக் கேட்டது. பழைய லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு. அந்தச் சுவர் கூரைவரை போவதில்லை. தலைக்கு மேலே எல்லா வீடும் ஒரே வீடு. ஒருவர் தும்மினால் கடைசி வீட்டில் "நூறு" சொல்வார்கள்.

"தம்பி, அறையெல்லாம் சரி. படுக்கைக்கு என்னா செய்யப்போற?" என்று பக்கத்து வீட்டுப் பெரியாயி சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பிறகு ஊர்க் காரியம் பார்ப்பதே அவள் வேலை.

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன் பெரியாயிக்கா. கம்பி அடிச்ச மரக்கட்டில் ஒண்ணு இருக்கு. ஸ்டாண்டுல தொங்குற வலைத்தொட்டில் ஒண்ணு இருக்கு."

"சேலையில ஏணை கட்டு. எம் பிள்ளைக அஞ்சும் அதுலதான் வளந்துச்சு" என்றது மூன்றாவது வீடு.

"அதான் ஒம் மகன் நடுமுதுகு வளைஞ்சு நடக்குறான்" என்றது நாலாவது வீடு.

"அவன் வளைஞ்சு நடக்குறது வேற காரணம்டி!"

சண்டை இரண்டு வீட்டுக்கு மேலே நடந்து ஓய்ந்ததும் பெரியாயி மறுபடி கேட்டாள்: "இந்தா தம்பி, ஒங்க மச்சான் என்னா சொல்றாரு?"

கிருஷ்ணராஜ் அப்போது கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்ற வீடியோவின் முக்கியமான கட்டத்தில் இருந்தார். "அவருகிட்ட கேரட்டப் பத்திக் கேட்டாச் சொல்லுவாரு. தொட்டிலப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?"

லயம் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்பதை வீடியோ அம்மணியும் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறைக்குப் பதுளைக் கடைத்தெருவில் அஸீஸ் நானாவின் தளபாடக் கடைக்குப் போனார். கையில் ஒரு பை. பையில் ஒரு தேங்காய்.

"வாங்கொ தம்பி. கோயிலுக்குப் போற வழியா?"

"இல்ல நானா. கட்டில் பாக்க."

கிருஷ்ணராஜ் மரக்கட்டிலின் முன் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பி இடைவெளியிலும் தேங்காயை நுழைத்துப் பார்த்தார். குழந்தையின் தலை நழுவுமா என்பது பிரச்சினை. நழுவினால் அது தூள் சல்லடை, நழுவாவிட்டால் முதல் தரம். கடைக்கு வந்தவர்கள் தாங்கள் வந்த காரியத்தை மறந்து சுற்றி நின்றார்கள்.

அஸீஸ் நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, ஒங்கட பிள்ளைக்கு இப்பவே குடுமி ஈக்கா?"

கிருஷ்ணராஜ் குடுமியைப் பிய்த்துவிட்டு மறுபடி முதல் கம்பியிலிருந்து தொடங்கினார். வலைத்தொட்டிலை ஆட்டிப் பார்த்தார். அது போட்ட சத்தத்தை லயம் தாங்காது என்று தள்ளினார். கடைசியில் தேங்காய் எங்கும் நழுவாத மரக்கட்டில் வென்றது. பொருத்திப் பூட்டியபடியே முழுசாக வேண்டும், கழற்றினால் சோதனை செல்லாது என்றார். "ஒங்கட வீட்டு வாசல் எவ்வளவு அகலம்?" என்று அஸீஸ் நானா கேட்டார். எல்லாவற்றையும் அளந்த கிருஷ்ணராஜ் அதை அளக்கவில்லை.

லொறியில் வந்த கட்டில் வாசலில் நின்றது. கதவைக் கழற்றினார்கள். நிலையையும் கழற்றினார்கள். லயமே கை கொடுத்தது, ஆனால் வாய் கொடுக்கவில்லை. அதுதான் கிருஷ்ணராஜுக்கு விளங்காத புதுமை. கட்டில் உள்ளே போனதும் திரைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. அவர் போனை எடுத்தார்.

"நிரஞ்சலா, இடம் ரெடி. நாளைக்கு வாறீங்களா?"

"யாரு போட்ட கட்டில்?"

"நான்தான். தேங்காய வச்சுப் பாத்து…"

"தொட்டில் யாருங்க போடணும்?"

அப்போதுதான் பள்ளம் தெரிந்தது. முதல் பிள்ளைக்குத் தொட்டில் போடுவது தாய்மாமன். பேர் வைக்கிற நாளில் மேளத்தோடு அதைக் கொண்டுவருவதும் அவர்தான். லயத்தில் குழந்தைக்கே தெரிந்த விஷயம், குழந்தை அறை கட்டியவருக்கு மறந்துபோனது.

"ஒங்க வாய்ச்சொல்லு ஒங்களுக்கு முந்தி பண்டாரவளைக்கு வந்துருச்சு" என்றாள் நிரஞ்சலா. "கேரட்டப் பத்தி மட்டுந்தான் தெரியுமாமே அண்ணனுக்கு? அண்ணன் ரெண்டு நாளா என்னோடயே சரியாப் பேசல. அவரு சம்மதிச்சு தொட்டில் போடாம நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எப்படிங்க வாறது?"

போன் அணைந்தது. சுவருக்கு அப்பாலிருந்து பெரியாயி சொன்னாள்: "அன்னைக்கே கேட்டேன்ல தம்பி, மச்சான் என்னா சொல்றாருன்னு."

"அப்பவே வெளங்கச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?"

நியாயமான கேள்வி. தரம் பிரிப்பவரிடம் யார் தரம் சொல்வார்கள்?

மறுநாள் கிருஷ்ணராஜ் பண்டாரவளைச் சந்தைக்குப் போனார். லீக்ஸ் கட்டுகளுக்கும் முட்டைக்கோஸ் மலைகளுக்கும் நடுவில் ரஜீவ் நின்றிருந்தார். கறுத்த, கனத்த ஆள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஒரு கேரட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

"மச்சான்…"

"வாங்க மாப்பிள்ள. கேரட் வேணுமா? எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னது மச்சான்."

"பேச்சுக்குத்தான் அன்னைக்கு என் தேயிலையையும் ரெண்டாந்தரம்னீங்க."

கிருஷ்ணராஜ் வாயைத் திறந்தார். அது உண்மையிலேயே இரண்டாந்தரம். ஆனால் மனைவியும் மகளும் அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் ஒரு தரத்தைச் சொல்லாமல் விழுங்கியது அன்றுதான்.

"தப்புத்தான் மச்சான். நீங்க எந்தத் தொட்டில் சொல்றீங்களோ அதைப் போடுங்க. அந்தக் கட்டில நான் பின்னுக்கு, கோழிக்கு வச்சுக்கிறேன்."

ரஜீவின் முகத்தில் கோபம் குறைந்து, அதைவிடக் கவலையான ஏதோ ஒன்று வந்தது. "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நிரஞ்சலா கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். மூலையில், இரண்டு பலகைக்கு மேலே, சந்தையில் கேரட் ஏற்றும் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே மெத்தை, மேலே மடித்த சேலை, அதன் மேலே கிருஷ்ணராஜின் மகள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கேட்க ஆளில்லாத துரை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தொட்டில் பாத்து, ரெண்டுமே பிடிக்காம வந்தேன் மாப்பிள்ள" என்று ரஜீவ் வெட்கத்தோடு கிசுகிசுத்தார். "ஒண்ணுல ஆணி வெளியில தெரியுது. இன்னொண்ணு ஆடும்போது ஒருபக்கம் இழுக்குது. சரியானது கிடைக்கிற வரைக்கும்னு பெட்டியில போட்டோம். இப்ப வேற எதுல போட்டாலும் கத்துறா. தாய்மாமன் சீருன்னு கேரட் பெட்டியவா தூக்கிட்டு வாறது? அந்த யோசனையில இருக்கும்போதுதான் நீங்க சொன்ன பேச்சும் வந்து சேந்துச்சு."

கிருஷ்ணராஜ் குந்தி உட்கார்ந்தார். பெட்டியின் விளிம்பில் விரலை ஓட்டினார். ஓட்டை ஒவ்வொன்றையும் பார்த்தார். தேங்காய் என்ன, எலுமிச்சங்காய்கூட நுழையாது.

"விளிம்புல ஒரு பிசிறு இல்லையே மச்சான்?"

"சும்மாவா? சந்தையில இருக்கிற பெட்டி அத்தனையும் கவுத்துப் பாத்துல்ல எடுத்தேன். தூக்குற பிடி சமமா இருக்கா, அடி ஆடுதான்னு. ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு."

கிருஷ்ணராஜ் மச்சானை நிமிர்ந்து பார்த்தார். தன்னைப்போல இன்னொரு ஆள் இந்த மலையில் இருப்பான் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "மொதல் தரம் மச்சான்" என்றார்.

அந்த வார்த்தைக்கு ரஜீவ் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்பது அவர் மூக்கைச் சிந்திய விதத்தில் தெரிந்தது.

"இதுதான் சீர்" என்றார் கிருஷ்ணராஜ். "இதையே மேளத்தோட கொண்டு வாங்க."

"சிரிப்பாங்க மாப்பிள்ள."

"யாரு சிரிப்பா? நான் பாத்துச் சொன்ன சாமான்னு சொல்லுவேன்."

நிரஞ்சலா அதுவரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் பெட்டியப் பாத்தது போதும். உள்ள ஒரு பிள்ளை இருக்கு, அதையும் ஒருக்காப் பாருங்க" என்றாள். பிறகு உள்ளே போய்த் துணிமணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

பேர் வைக்கிற நாளில் மேளம் முன்னே வந்தது. பின்னால் ரஜீவ், மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சுற்றிய கேரட் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சாமி தூக்குகிற முகத்தோடு லயத்துக்குள் நுழைந்தார். முதலில் யாரோ சிரித்தார்கள். "கிருஷ்ணராஜ் பாத்துச் சொன்னதாம்" என்று பெரியாயி சத்தமாகச் சொன்னதும் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் இருந்த மரக்கட்டிலுக்குள் பெட்டியை இறக்கினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. தகப்பன் கட்டிலுக்குள் தாய்மாமன் பெட்டி, பெட்டிக்குள் பிள்ளை. மதுஷா என்று பேர் சொன்னபோது அவள் கண்ணைத் திறந்து, சுற்றிலும் ஆராய்ந்து, இளம்பச்சைச் சுவரை வெகுநேரம் பார்த்தாள். இரத்தம் எங்கே போகும்? பிறகு தூங்கிவிட்டாள். அன்று மாலை லயம் முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசியது. நாலாவது வீட்டுச் சண்டைகூடச் சைகையில்தான் நடந்தது.

சில நாள் கழித்துப் பெரியாயி சுவருக்கு மேலே மெதுவாகக் கூப்பிட்டாள். "தம்பி, எம் மருமகளுக்கும் மாசம் நெருங்குது. பிள்ளைக்கு எந்த மாதிரிப் படுக்கை நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

கிருஷ்ணராஜ், இடமில்லாததால் திரைக்கு வெளியே தரையில் படுத்திருந்தார். மேலே பெரிய கட்டிலில் நிரஞ்சலாவின் மூச்சும் திரைக்கு அப்பால் பெட்டிக்குள் சின்ன மூச்சும் கேட்டன. அறையில் லேசாகக் கேரட் வாசனை.

"பொறுங்க அக்கா" என்றார். "மச்சான ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."