செவ்வாய்க்கிழமைச் சட்டை

என் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதில் காதல் வந்தது. வந்ததில் தப்பில்லை. ஆனால் வந்த மனிதர் உயிரோடு இல்லை, அவருக்குப் பெண்டாட்டி வேறு இருந்தாள். இந்த இரண்டில் அக்காவை வாட்டியது இரண்டாவதுதான்.

எங்கள் சலவைக்கடையில் துவைப்பது நான், தேய்ப்பது அக்கா. இருபத்து நாலு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவள் தீய்த்ததில்லை. செத்தவர்களைப் பேச வைக்கும் வேலை தானாக வந்து சேர்ந்தது. அப்பா போன மறுவாரம், அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்க மனமில்லாமல் அப்படியே தேய்த்தாள். நீராவி எழும்பியதும் அவள் வாயிலிருந்து அப்பாவின் குரல், "பின்கதவைப் பூட்டினீங்களா?" என்று கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். பூட்டவில்லை.

அதிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இறந்தவர் உடுத்திய, துவைக்காத துணி வேண்டும். துணி எங்கே இருக்கிறதோ அவரும் அங்கேதான். துவைத்துவிட்டால் அதோடு சரி, திரும்ப வரமாட்டார். செத்தவர்கள் அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் காதில் சொல்வார்கள். மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் அவள் வாயால் பேசுவார்கள்.

ஒரு பாட்டு டீச்சர் தன் புருஷனின் நீலச் சட்டையோடு வந்தது போன வருஷம். "வீட்ல வெச்சுக்கிட்டா தூக்கமே வரலைங்க. இங்கயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை தோறும் வந்து பேசிட்டுப் போறேன்" என்றாள். வினை அங்கேதான் பிடித்தது. வாரத்தில் அரைமணி நேரம் அவர் டீச்சரோடு, மற்ற நேரமெல்லாம் என் அக்காவோடு.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா அந்தச் சட்டையை மேஜையில் விரிப்பாள். அவர் என் கண்ணுக்குத் தெரியமாட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: எழும்பிய நீராவி கலையாமல் அவள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். பின்கழுத்து முடி, மின்விசிறி ஓடாமலே விலகும். ரவிக்கையின் மேல் கொக்கி கைபடாமல் அவிழும். இடுப்பில் விரல் பதிந்த மாதிரி ஐந்து இடத்தில் சிவக்கும். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "சும்மா இருங்களேன், தங்கச்சி இருக்கா" என்பாள். சும்மா இருக்கச் சொல்லும் குரலாக அது இருக்காது. நான் சோப்புத்தூள் வாங்கக் கிளம்பிவிடுவேன். அந்த வருஷம் எங்கள் கடையில் சோப்புத்தூள் மலைபோல் குவிந்தது.

செவ்வாய் வந்தால் மட்டும் அக்காவின் முகம் கடுகடுவென்றாகிவிடும். டீச்சர் எதிரே உட்கார்ந்ததும் அக்காவின் வாயிலிருந்து அவர் குரல் குழைந்துகொண்டு வரும். "என் மக்கு, சாப்பிட்டியா? கண்ணெல்லாம் ஏன் உள்ள போயிருக்கு?" தன் சக்களத்தியைத் தன் உதட்டாலேயே கொஞ்ச வேண்டிய கொடுமை வேறு யாருக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கள். டீச்சர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு அக்கா சட்டையைப் பார்த்துச் சண்டை பிடிப்பாள்.

"என் வாயை வாங்கிக்கிட்டு அவளைக் கொஞ்சுறீங்க. என்னை ஒருநாளாவது மக்குன்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

காதில் ஏதோ பதில் வரும். அக்கா என் பக்கம் திரும்பி, "பழகின பாசமாம். இப்ப அவருக்கு நான் மட்டும்தானாம்" என்பாள். நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் நான் தொட்டிப் பக்கம் போய்விடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, "நாளைக்கு அவ வந்தா, அவர் போயிட்டார்னு சொல்லப் போறேன்" என்றாள்.

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். உன் இஷ்டம்னுட்டார்." அன்று முழுக்க அவள் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

மறுநாள் டீச்சர் வந்தபோது அக்கா யாருடைய பேன்ட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை பக்கத்திலேயே மடித்துக் கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"டீச்சர், அவர் போயிட்டாருங்க. இனிமே கூப்பிட்டா வரமாட்டார்."

டீச்சர் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க. நாலு வாரமா அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். குரலைக் கேட்டதும் சொல்ல வாய் வரலை. நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எங்க மேல்மாடியில இருக்கிற பல் டாக்டரை" என்றாள்.

அக்கா சிரிக்க வாயைத் திறந்தாள். இஸ்திரிப்பெட்டி தானாகச் சீறியது.

"யாரு? அந்தப் பல் டாக்டரா?"

ஆண்குரல். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கிலிருந்து அது பீறிட்டது. "நான் இருக்கும்போதே உன்னைப் பார்த்து இளிச்சவனாச்சே! சட்டையை எடு மக்கு, நான் வீட்டுக்கு வரேன். அவன் எப்படி மாடியிலேர்ந்து இறங்கி வரான்னு பார்த்துடறேன்!"

டீச்சர் நடுங்கிப் போய் எழுந்தாள். "வேண்டாம். எனக்கு அந்தச் சட்டை வேண்டவே வேண்டாம். துவைச்சு யாருக்காவது கொடுத்துடுங்க." செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அக்கா சட்டையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். நான் தொட்டியருகே நிற்பதுகூட அவளுக்கு நினைவில்லை. "அவ வேண்டாம்னுட்டா. இனிமே என்கூடவே இருந்துடுவீங்க இல்ல?"

பதில் அவள் காதுக்கு வரவில்லை. அவள் வாயிலிருந்தே வந்தது. "அவ எந்தப் பக்கம் போறான்னு பாரு."

அவளிடம் பேசக்கூட அன்று அவருக்கு அவள் வாய்தான் கிடைத்தது. அக்கா சட்டையை மார்பிலிருந்து எடுத்துச் சுருட்டினாள். பிறகு துவைக்கும் தொட்டிக்கு வந்து, "தள்ளு" என்றாள்.

"அக்கா, அவசரப்படாதே" என்றேன். அந்த மனிதரை எனக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. தண்ணீரில் முக்கும்போது அவள் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, காலரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள்.

சாயங்காலம் சட்டை காய்ந்தது. விரித்துத் தேய்த்தாள். நீராவி எழும்பியது, பரவியது, கலைந்தது. அக்கா பெட்டியை நகர்த்தாமல், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். கருகல் வாசனை வந்து நான் ஓடிப் போய்ப் பெட்டியைத் தூக்கியபோது, நெஞ்சுப் பக்கம் பழுப்பாகத் தீய்ந்திருந்தது.

இருபத்து நாலு வருஷத்தில் அவள் தீய்த்த ஒரே துணி அதுதான்.