லைன் விலைக்கு இல்லை

இசக்கிசெல்விக்கு வாய் நீளம். மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவள் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் என்பதை அதற்கப்புறம்தான் சொல்வார்கள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு அவன் விட்டுப்போன சைக்கிளையும் இட்லி வியாபாரத்தையும் இவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளை சைக்கிளில் இட்லி விற்பதா என்று சிரித்தவர்கள் வாசலில் போய் இரண்டு தடவை சேர்த்து ஹார்ன் அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி நான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் சந்தில் இட்லி அவிப்பது வீட்டுக்குள்தான். படுக்கிற அறையிலேயே அண்டாவும் கொதிக்கும். போன மழைக்காலத்தில் செல்வியின் மதினி வழுக்கி விழுந்ததில் கொதிதண்ணீர் காலில் கொட்டிவிட்டது. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே செல்வி முடிவு செய்துவிட்டாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையல்கூடம், நல்ல ஸ்டீம் பாய்லர்; அவிக்கிற பெண்களும் விற்கிற ஆட்களுமே அதற்கு முதலாளிகள்.

"இதுக்குப் பேரு சோஷியல் என்டர்பிரைஸாம் மாலதி. இதுக்குன்னே பணம் போடுத ஆளுவ இருக்காவளாம். நீ இங்கிலீஷ்ல எழுது, நான் பேசுதேன்" என்றாள்.

எழுதினேன். செம்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்திலிருந்து மகேஷ்குமார் என்பவர் வந்து பார்த்தார். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாம்பாரை இரண்டாந்தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். மதினியின் காலைப் பார்த்து முகம் வாடிப்போனார். நல்ல மனுஷன்தான், அதை நான் மறுக்கவில்லை. பணம் வந்த மாதிரிதான் என்று சந்தே நம்பியது.

லைனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சைக்கிளில் இட்லி விற்கிற ஒவ்வொருவருக்கும் சில தெருக்கள் சொந்தம், அதுதான் லைன். அதில் இன்னொருத்தர் ஹார்ன் அடிக்கக் கூடாது. ஒருவரால் போக முடியாத நாளில் வேறொருவர் போய் விற்று, வந்த பணத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிடுவார். கடைசிப் பேச்சுக்கு நாங்கள் செம்பூர் போன அன்று செல்வியின் லைனுக்கு, எங்கள் சந்திலேயே இட்லி விற்கிற வெயிலுமுத்து அண்ணாச்சி போனார்.

மகேஷ்குமார் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார். "அக்கா, எங்க கமிட்டிக்கு உங்க பிளான் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு கண்டிஷன், இந்த லைன் சிஸ்டம் வேண்டாம். யார் அதிகமா விக்கிறாங்களோ அவங்களுக்கு நல்ல ஏரியா. இப்ப வெயிலுமுத்துன்னு ஒருத்தர் இருக்கார், எல்லாரையும் விடக் கம்மியா விக்கிறார். அவர் ஏரியாவை நீங்களே எடுத்துக்கலாம்."

அண்ணாச்சி கம்மியாக விற்பது உண்மைதான். அவர் ஒரு வாசலில் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் தெருவையே முடித்துவிடுவார்கள். மேஜைக்கடியில் செல்வியின் காலை மிதித்தேன். இப்போதைக்குத் தலையாட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அவளா ஆட்டுவாள்? "தம்பி, பாய்லர் உங்க பணத்துல வரட்டும், அதுக்கு நாங்க கணக்குச் சொல்லுதோம். லைன் உங்க பணத்துல வந்ததில்ல. இன்னைக்கு அவரு லைனைப் பிடுங்கி என் கையில தருவீங்க. நாளைக்கு என் லைனைப் பிடுங்கி யாரு கையில தருவீங்க?"

"உங்க மதினியை நினைச்சுப் பாருங்க அக்கா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நினைக்காத நாளில்ல. அதுக்காக அண்ணாச்சியை எங்கிட்ட கேக்காதீங்க" என்று எழுந்துவிட்டாள். டீ அப்படியே இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பஸ்ஸில் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். ஒரு வார்த்தை 'சரி' என்று சொல்லியிருந்தால் பாய்லர் வந்திருக்குமே! சயான் ஸ்டாப் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"திட்டி முடிச்சிட்டியா? அடுத்த கம்பெனிக்கு எழுதும்போது லைனை முதல் பக்கத்துலயே போடு. பிடிக்காதவன் அங்கேயே மூடி வச்சிரட்டும்."

சந்து முனையில் அண்ணாச்சி அவள் சைக்கிளோடு காத்திருந்தார். வியர்த்துக் கொட்டியது. "எல்லாம் தீந்துட்டு தாயி. மூணாவது மாடி டீச்சரம்மா உன்னைய விசாரிச்சாவ" என்று பணத்தை நீட்டினார். "போன காரியம் என்னாச்சு?"

நடந்ததையெல்லாம் கொட்டிவிடுவாளோ என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய் நீளமானவள் அன்று சுருக்கமாகப் பேசினாள்.

"ஆகல அண்ணாச்சி. அடுத்த வாரம் வேற இடத்துக்குப் போறேன். அன்னைக்கும் என் லைனை நீங்கதான் பாத்துக்கிடணும்."